அது ரிப்பேர் ஆகவில்லை, சூடாக இருந்தது

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எங்கள் குடியிருப்பு மொட்டைமாடியில் என் புரொஜக்டரில் கிரிக்கெட் மேட்ச் போட்டபோது நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் அந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். திரை இருட்டாக இருக்கிறது. நான் மெஷின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் மூன்றாம் மாடி அண்ணாச்சியின் குரல்: "இதுக்குத்தான் டிவி வாங்குங்கன்னு சொல்லுதேன். ரெண்டு வருசங்கூட வராத குப்பை." அப்புறம் சிரிப்பு. அதற்கு மேல் 'புரொஜக்டர் புஸ்ஸுன்னு போச்சு' என்று ஒரு வரி எழுதி, தூத்துக்குடி முழுக்கச் சுற்றவிட்டாகிவிட்டது.

மூன்று நாள் பேசாமல் இருந்தேன். இன்றைக்குக் காலையில் பால் வாங்கப் போன இடத்தில் ஒருவர், "என்ன சார், மெஷினை எடைக்குப் போட்டாச்சா?" என்று கேட்டார். அதனால்தான் எழுதுகிறேன்.

அது ரிப்பேர் ஆகவில்லை. கரண்ட் போனது, அவ்வளவுதான். பதினெட்டாவது ஓவரில் போய் இரண்டு நிமிஷத்தில் வந்தது. வந்தவுடன் லாம்ப் எரியாது. என் மெஷினில் இருப்பது பாதரச விளக்கு. உள்ளே இரண்டு மின்முனைக்கு நடுவே ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இடைவெளி. எரியும்போது அந்தச் சின்னக் கண்ணாடிக் குமிழுக்குள் 200 வளிமண்டலத்துக்கு மேல் அழுத்தம். நாம் கார் டயரில் அடிக்கிற காற்றைப்போல நூறு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அழுத்தத்தில் திரும்பப் பொறி கிளப்ப முடியாது. ஆறி, பாதரச ஆவி கொஞ்சம் திரவமாகி, அழுத்தம் இறங்கிய பிறகுதான் பற்றும். என் மெஷினுக்கு நாலைந்து நிமிஷம் ஆகும். இது கோளாறு இல்லை. அந்த விளக்கின் இயல்பே அதுதான்.

"அஞ்சு நிமிஷம் பொறுங்க" என்று நான் சொன்னது அந்த வீடியோவிலேயே கேட்கிறது. காது வைத்துக் கேட்டுப் பாருங்கள். யார் பொறுத்தார்கள்? ஒரு பையன் வந்து பட்டனைப் பத்துத் தடவை அமுக்கினான். இன்னொருவர் பிளக்கைப் பிடுங்கிச் செருகினார். ஃபேன் ஓடாமல் லாம்ப் வெந்துகொண்டிருக்கிறதே என்று என் வயிறு எரிந்தது. அதற்குள் அண்ணாச்சி வீட்டு 55 இஞ்ச் டிவியைப் பார்க்க எல்லோரும் படி இறங்கிவிட்டார்கள். ஆறாவது நிமிஷம் படம் வந்தது. எட்டே முக்கால் அடி அகலத்தில், பளிச்சென்று வந்தது. மாடியில் என்னையும் சேர்த்து மூன்று பேர் இருந்தோம். அதை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் அதற்கென்று ஒரு யு.பி.எஸ். இருக்கிறது. அதை மாடிக்குத் தூக்கிக்கொண்டு வராதது என் தப்பு. ஆனால் 'ரெண்டு வருசங்கூட வராத குப்பை' என்று சொன்னதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

2017 ஏப்ரலில் வாங்கினேன். எட்டு வருஷம் தாண்டிவிட்டது. முதல் லாம்பை 3,600 மணி நேரத்தில் மாற்றினேன். இப்போதிருப்பது 2,300 மணி நேரம் ஓடியிருக்கிறது. மொத்தம் 5,900. லாம்ப் மாற்றினால் மெஷினில் கணக்கு மறுபடி பூஜ்யத்தில் ஆரம்பிக்கும் என்பதால் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். எந்தத் தேதியில் ஃபில்டர் கழுவினேன் என்பதும் அதில் இருக்கிறது. நம் ஊர்க் காற்று எப்படி என்று உங்களுக்கே தெரியும். ஒரு பக்கம் உப்பு, ஒரு பக்கம் லாரிப் புழுதி. மாதம் ஒரு தடவை அந்தச் சல்லடையை எடுத்தால் சாம்பல் நிறப் பஞ்சுபோல ஒரு படலம் ஒட்டியிருக்கும். அதை எடுக்காமல் விட்டால் காற்று உள்ளே போகாது. சூடு ஏறும். சூடுதான் இந்த மெஷினுக்கு எமன். எட்டு வருஷம் ஓடியதற்கு வேறு ரகசியம் ஒன்றும் கிடையாது.

"எங்க மச்சான் வாங்கினது ஒரே வருசத்துல போயிடுச்சே" என்பார்கள். சரி, போயிருக்கும். என்ன மெஷின் என்று கேட்டால் எட்டாயிரம் ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கியது என்பார்கள். அதற்குள் இருப்பது ஒரே ஒரு எல்.சி.டி. கண்ணாடி, பின்னால் ஒரு எல்.இ.டி. விளக்கு. ஒளி போகும் வழி பெரும்பாலும் மூடியிருக்காது, தூசி நேராகப் போய்க் கண்ணாடியில் உட்காரும். டப்பாவில் '1080 சப்போர்ட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். சப்போர்ட் என்றால் அந்தப் படத்தை வாங்கிக்கொள்ளும் என்று மட்டும்தான் அர்த்தம். காட்டுவது பெரும்பாலும் அதில் பாதி துல்லியம்கூட இருக்காது. வெளிச்சக் கணக்கும் அப்படித்தான். லூமன் என்பது வெளிச்சத்தின் அளவு. தரமுறைப்படி அளந்ததற்கு அடையாளமான ஆன்ஸி லூமன் என்று போடாமல் வெறும் லூமன் என்று ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் அதை நம்பாதீர்கள். அந்த மெஷின் ஒரு வருஷத்தில் போனதற்கு என் மெஷின் என்ன செய்யும்?

விலை கூடிய மெஷினிலும் முழு உண்மையைச் சொல்வதில்லை, அது வேறு விஷயம். இப்போது கடையில் கேட்டால் "லேசர் சார், இருபதாயிரம் மணி நேரம்" என்பார்கள். தினம் இரண்டு மணி நேரம் பார்த்தால் 27 வருஷம். கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த 20,000 என்பது வெளிச்சம் பாதியாகக் குறைய ஆகும் நேரம், அதுவும் ஒளி மூலத்துக்கு மட்டும். ஃபேன் 27 வருஷம் சுற்றுமா? பவர் போர்டில் இருக்கும் கெப்பாசிட்டர் வருமா? பத்து டிகிரி சூடு கூடினால் கெப்பாசிட்டர் ஆயுள் பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ் படித்த எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. டி.எல்.பி. என்ற வகை மெஷினில் படத்தை உண்டாக்க லட்சக்கணக்கான நுண்கண்ணாடிகள் இருக்கும். அவற்றில் சில அசையாமல் நின்றுபோனால் திரையில் வெள்ளைப் புள்ளி, கறுப்புப் புள்ளி வரும். என்னுடையது மூன்று எல்.சி.டி. வகை, சிவப்பு, பச்சை, நீலத்துக்குத் தனித்தனியாக ஒவ்வொன்று. இதில் வேறு நோய்.

அந்த நோய் என் மெஷினுக்கும் வந்தது, மறைக்கவில்லை. 2023-ல் திரையின் இடது கீழ் மூலையில் மஞ்சள் படர ஆரம்பித்தது. வெள்ளைச் சட்டை போட்டவர் அந்த மூலைக்கு வந்தால் சட்டை பழுப்பாகிவிடும். சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பெயர் வேண்டாம். ஐந்து நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. "மாடல் நின்னுபோச்சு சார், ஆப்டிகல் எஞ்சினையே மாத்தணும், அதுக்குப் புதுசே வாங்கிடலாம், எக்ஸ்சேஞ்ச் இருக்கு" என்றார்கள். ஆறு வருஷம் ஆன மெஷின். 78 ஆயிரம் கொடுத்து வாங்கியது. அதைத் திறந்துகூடப் பார்க்காமல் எக்ஸ்சேஞ்ச் என்றார்கள்.

சென்னைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது மெஷினையும் மடியில் வைத்துக்கொண்டு போனேன். ரிச்சி தெருவில் ஒரு மாடிக் கடை, இரண்டு பேர் நின்றால் மூன்றாமவருக்கு இடமில்லை. அங்கே ஒரு தம்பி மெஷினைப் பிரித்து, நீல நிறத்துக்கான பக்கத்திலிருந்து தபால்தலை அளவுக் கண்ணாடி ஒன்றை இடுக்கியால் எடுத்து, ஒரு வெள்ளைத்தாள் மேல் வைத்தார். ஓரத்தில் அடிபிடித்த பால்போலப் பழுப்பாக ஒரு திட்டு. "பாருங்க அண்ணே, போலரைசர் வெந்துபோச்சு. நீலம்தான் எப்பவும் முதல்ல போகும்" என்றார். போலரைசர் என்பது ஒளியை ஒரே திசை அதிர்வாக வடிகட்டும் துண்டு. வேறொன்று போட்டார். உள்ளே படிந்திருந்த தூசியையும் துடைத்தார். மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய், மூன்று மணி நேரம். மூலையில் வெள்ளை வெள்ளையாகவே வந்தது. அந்த வெந்த கண்ணாடித் துண்டை நோட்டுக்குள் ஒட்டி வைத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். மெஷின் சாகவில்லை. சாகட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ரிப்பேர் செய்யும் உரிமைக்காக ஒரு குழு போட்டது, அந்த வருஷக் கடைசியில் ஓர் இணையதளமும் திறந்தார்கள். விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று நான்கு துறை. நல்ல காரியம். ஆனால் தபால்தலை அளவுக் கண்ணாடித் துண்டுக்காக ஒருவன் தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு ரயில் ஏற வேண்டியிருக்கிறதே.

"டிவி என்றால் இந்தத் தொல்லையே இல்லையே" என்று கேட்பவர்களுக்கு: டிவியில் பேக்லைட் பட்டை போகாதா? பேனல் போனால் கடைக்காரரே புதுசு வாங்கச் சொல்வார். அண்ணாச்சி வீட்டில் இதற்கு முன் இருந்த டிவி என்ன ஆனது என்று அவரிடமே கேளுங்கள். நான் சிரிக்கவில்லை. அதை இறக்க ஒரு கை பிடித்தேன்.

லாம்ப் செலவு என்பார்கள். எட்டு வருஷத்தில் ஒரே ஒரு லாம்ப், பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அவ்வளவுதான். பகலில் சரியாகத் தெரியாது என்பார்கள். தெரியாதுதான். ஜன்னலைச் சாத்துங்கள்.

இவ்வளவு கோபம் எதற்கு, ஒரு மெஷினுக்காகவா என்று வீட்டிலேயே கேட்கிறார்கள்.

2019-ல் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. அப்பா கல்யாணத்துக்கு முன்னால் டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தவர். படுத்த பிறகு கழுத்தைத் தூக்கிச் சுவரில் படம் பார்க்க முடியவில்லை. கூரையில் காட்டலாம் என்றால், இந்த வகை லாம்பை நிமிர்த்தி வைத்து ஓட்டக் கூடாது, சீக்கிரம் போய்விடும். கண்ணாடிக் கடையில் ஒரு துண்டு வாங்கி, ஆசாரியிடம் சொல்லிச் சாய்வாக ஒரு மரச்சட்டம் அடித்து, மெஷினுக்கு முன்னால் வைத்தேன். படம் கண்ணாடியில் பட்டுக் கூரைக்குப் போனது. இடம் வலமாகத் தெரிந்ததை மெனுவில் மாற்றிக்கொண்டேன். சாதாரணக் கண்ணாடி என்பதால் எழுத்தெல்லாம் லேசாக இரட்டையாகத் தெரிந்தது. "பரவால்ல, போடு" என்றார். இரண்டு வருஷம் கறுப்பு வெள்ளைப் படமாகப் பார்த்தார். முதல் லாம்பின் மணி நேரத்தில் பெரும்பங்கு அவருடையது.

அப்போது யு.பி.எஸ். இல்லை. கரண்ட் போய் வந்தால் இதே கதைதான், நாலைந்து நிமிஷம் இருட்டு. அப்பாவுக்கு அது முதலில் புரியவே இல்லை. "கார்பன் குச்சியை உரசினா அப்பவே பத்திக்கிடுமே, இதுக்கு என்ன கேடு?" என்பார். அவர் காலத்து புரொஜக்டரில் வெளிச்சம் தந்தது அந்தக் குச்சிதான். வாய் குழறும். அப்புறம் அந்த ஐந்து நிமிஷத்தில் பேச ஆரம்பிப்பார். குச்சி எரிய எரியக் கையால் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும் என்பது, ஒரு ரீல் முடிவதற்குள் சாப்பாட்டைத் தின்று முடிப்பது, மழையில் ஆட்கள் எழுந்து போகாமல் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நன்றாக இருந்த காலத்தில் என்னிடம் இதையெல்லாம் அவர் சொன்னதே இல்லை. லாம்ப் பற்றியதும் நிறுத்திவிட்டுக் கூரையைப் பார்ப்பார். 2021-ல் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் லாம்பை மாற்றினேன், யு.பி.எஸ்.ஸும் வாங்கினேன்.

அண்ணாச்சிக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார், அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அந்த வீடியோவை எடுத்தவர், அதன் மேல் அந்த வரியை எழுதியவர், தயவுசெய்து அதை அழித்துவிடுங்கள். திரை திரும்ப ஒளிர்ந்ததையும் சேர்த்துப் போட்டிருந்தால் நான் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மாடியில் குழந்தைகளுக்குப் படம் போடுவதாகச் சொல்லியிருந்தேன். அது நடக்கும், ஏழு மணிக்கு. அண்ணாச்சி, நீங்களும் வாங்க. யு.பி.எஸ்.ஸைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். அதையும் மீறி நின்றுபோனால், படி இறங்கிவிடாமல் அஞ்சு நிமிஷம் உட்காருங்க.