அப்பப்பாவுக்கும் ஒரு கரண்டி

ஜிம்முக்குப் போகும் என் மகன், தசை வளரக் கரைத்துக் குடிக்கும் கிரியேட்டின் பவுடர் டப்பா வாங்கி வந்த அன்று மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டில் பெரிய சத்தம். "ஸ்டீரொய்ட் தின்கிறான்" என்று மனைவி. 72 வயது அப்பா மட்டும் மெதுவாகக் கேட்டார்: "எனக்கும் ஒரு கரண்டி தாவன் மனே."

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. கோயில் அன்னதானத்தில் சம்மணமிட்டு இருந்துவிடுவார். எழும்புவதற்குத்தான் ஆள் வேண்டும். தசை கரைவதை 'வயசு போயிட்டு' என்று தள்ளிவிடுகிறோம், கிணற்றடியில் விழுந்து இடுப்பெலும்பு உடையும் வரைக்கும்.

முதலில் ஒன்று, கிரியேட்டின் ஸ்டீரொய்ட் இல்லை. ஈரலும் சிறுநீரகமும் சேர்ந்து நாளுக்கு 1 கிராம் அளவில் தாங்களே செய்துகொள்ளும் பொருள். 1832 இல் செவ்ரோல் என்ற பிரெஞ்சுக்காரர் இறைச்சியிலிருந்துதான் இதைப் பிரித்தெடுத்தார். "அப்ப மீன் காணுமே" என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். வழக்கமாகச் சொல்லப்படும் அளவு நாளுக்கு 3 முதல் 5 கிராம். ஒரு கிலோ மீனிலேயே ஏறத்தாழ அவ்வளவுதான் இருக்கும். வாவி மீன் எவ்வளவு ருசி என்றாலும் தினமும் ஒரு கிலோ யார் தின்பது?

ஆனால் பவுடரைச் சும்மா கரைத்துக் குடித்துவிட்டுச் சாய்மனைக் கதிரையில் படுத்தால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. பாரம் தூக்கும் பயிற்சியோடு எடுத்த முதியவர்களுக்குத்தான், பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடத் தசையும் பலமும் கூடியிருக்கின்றன. அதுவும் கொஞ்சம்தான். டப்பாவில் இருக்கும் படத்தை நம்பாதீர்கள்.

எனக்கு இருந்த பயம் வேறு. அப்பாவுக்குச் சீனி வருத்தம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று அறியக் கிளினிக்கில் இரத்தத்தில் 'கிரியாட்டினின்' பார்ப்பார்களே, அது கிரியேட்டின் உடைந்து வருவதுதான். பவுடர் எடுத்தால் சிறுநீரகம் நன்றாக இருக்கும்போதே அந்த எண் சற்று ஏறலாம். டொக்டருக்குச் சொல்லாமல் குடித்தால் வீண் கலக்கம். ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவர்களோ, கேட்காமல் தொடவே கூடாது.

கூட்டிப் போனேன். இரத்தப் பரிசோதனை எழுதித் தந்த டொக்டர், பவுடரைப் பிறகு பார்ப்போம், முதலில் கையூன்றாமல் கதிரையிலிருந்து எழும்பி இருந்து பழகுங்கள் என்றார்.

இப்போது விடியற்காலையில் விறாந்தையில் அப்பா சத்தமாக எண்ணிக்கொண்டு 10 தரம் எழும்பி இருக்கிறார். ஏழுக்குப் பிறகு ஒன்பதுதான் வருகிறது. மகனும் அதைக் கண்டுகொள்வதில்லை.