ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தவர்கள்

பெரிய மனிதர் ஒருவர் இறந்துபோனால் இரங்கல் எழுதுபவர்கள் தவறாமல் ஒரு வரி சேர்ப்பார்கள். "குடும்பத்தைக்கூடக் கவனிக்காமல் உழைத்தார்." பாராட்டாகத்தான் எழுதுகிறார்கள். எனக்கு அந்த வரி வந்ததும் கண் அங்கேயே நின்றுவிடும். கவனிக்கப்படாத அந்தக் குடும்பமும் இதே இரங்கலைப் படித்துக்கொண்டிருக்குமே, அவர்களுக்கு இது எப்படி இருக்கும் என்று தோன்றும்.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். (அது கர்ப்பிணி மனைவியைச் சொல்கிறது என்று வேறு விளக்கம் தருபவர்களும் உண்டு, அது இருக்கட்டும்.) தானே வளரத்தான் செய்யும். சாப்பாடு, படிப்பு, துணிமணி எதற்கும் குறை இருக்காது. ஆனால் அப்பா என்ற மனிதரை அந்தப் பிள்ளை ஊரார் வாயிலாகத்தான் தெரிந்துகொள்ளும்.

இந்தப் பேச்சை எடுத்தாலே முதலில் வரும் பெயர் ஹரிலால். காந்தியின் மூத்த மகன், 1888-ல் பிறந்தவர். குடித்தார், கெட்டுப்போனார், அப்பாவின் பெயரைக் கெடுத்தார் என்று மூன்று வார்த்தையில் அவரை முடித்துவிடுகிறோம். அதற்கு முந்தைய கதையை யாரும் சொல்வதில்லை. தென்னாப்பிரிக்கச் சத்தியாகிரகத்தில் இளைஞராக இருந்தபோதே பலமுறை சிறைக்குப் போனவர் ஹரிலால். 'சின்ன காந்தி' என்றே அங்கே அவரை அழைத்திருக்கிறார்கள். அவருக்கு இருந்த ஆசை ஒன்றுதான்: அப்பாவைப் போல லண்டன் போய் பாரிஸ்டர் படிக்க வேண்டும். அப்பாவுக்கோ அதற்குள் மேல்நாட்டுப் படிப்பிலேயே நம்பிக்கை போய்விட்டிருந்தது. நண்பர் ஒருவர் லண்டனில் படிக்க உதவித்தொகை தர முன்வந்தார். அது மகனுக்கு வரவில்லை, வேறொருவருக்குப் போனது. மகனாக இருந்து பார்த்தால் இது எவ்வளவு பெரிய அடி! தான் படித்து, அனுபவித்து, பிறகு வேண்டாம் என்று ஒதுக்கிய ஒன்றைப் பிள்ளை படிக்காமலேயே ஒதுக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார் அப்பா.

1911-ல் ஹரிலால் வீட்டைவிட்டு விலகினார். 1915-ல் அப்பாவுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதி, அதை அச்சடித்துச் சிலருக்குக் கொடுத்தார். எங்கள் பேச்சை நீங்கள் ஒருநாளும் காது கொடுத்துக் கேட்டதில்லை என்பதுதான் அதிலுள்ள முக்கியமான மனக்குறை. காந்தி மகனுக்கு எழுதாமல் இல்லை. நிறையவே எழுதினார். அவற்றில் அறிவுரைக்குப் பஞ்சமில்லை. நாட்டின் மூலைமுடுக்கிலிருந்து முன்பின் தெரியாதவர்கள் எழுதிய கடிதங்களுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் எழுதியவர் அவர். அந்தப் பொறுமையில் தனக்கு ஒரு பங்கு வேண்டும் என்று மகன் கேட்டதாகத்தான் நான் அந்தச் சண்டையைப் புரிந்துகொள்கிறேன்.

பலரும் எழுதியிருக்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. கட்னி ரயில் நிலையத்தில் காந்தியும் கஸ்தூரிபாவும் போன ரயில் நிற்கிறது. கூட்டம் "மகாத்மா காந்திக்கு ஜே" என்று முழங்க, ஒரு குரல் மட்டும் "மாதா கஸ்தூரிபாவுக்கு ஜே" என்கிறது. கிழிந்த உடையும் மெலிந்த உடம்புமாக ஹரிலால். கையில் ஒரு ஆரஞ்சுப் பழம். அம்மாவுக்கு மட்டும் என்று கொடுக்கிறார். எனக்கு ஒன்றும் இல்லையா என்று அப்பா கேட்டதற்கு, உங்களிடம் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது, உங்கள் பெருமையெல்லாம் அம்மாவால் வந்தது என்றாராம். காந்தி சுடப்பட்டது 1948 ஜனவரி 30-ல். ஐந்து மாதம்கூட ஆகவில்லை, ஜூன் 18-ல் பம்பாயில் ஹரிலாலும் இறந்துபோனார்.

காந்தியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பிள்ளைகளுக்கு நேரம் கொடுக்கவில்லை, படிப்பு விஷயத்தில் நான்கு பேருக்குமே தன்மீது குறை உண்டு என்று அவரே எழுதியிருக்கிறார். மற்ற மூன்று மகன்களும் அவரோடு ஒட்டித்தான் இருந்தார்கள். ஆகவே ஒரே தகப்பன், நான்கு பிள்ளைகள், நான்கு விதமான வாழ்க்கை. 'இவர் தோற்ற அப்பா' என்று முத்திரை குத்துவது சுலபமில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பிள்ளை உருப்படவில்லை என்பதை வைத்து அப்பா தோற்றார் என்று தீர்ப்பு சொல்வது அநியாயம். ஐன்ஸ்டைனின் இளைய மகன் எடுவர்ட் 1910-ல் பிறந்தார். இருபது வயதை ஒட்டி அவருக்கு மனச்சிதைவு நோய் வந்தது. நோய்க்கு அப்பா என்ன செய்வார்? ஆனால் 1933-ல் அமெரிக்கா போன ஐன்ஸ்டைன், 1955-ல் இறக்கும் வரை அந்த மகனைத் திரும்பப் பார்க்கவே இல்லை. மகனைப் பார்த்துக்கொண்டது, விவாகரத்தான மனைவி மிலேவா, 1948-ல் தான் சாகும் வரை. மூத்தவர் ஹான்ஸ் ஆல்பர்ட் அமெரிக்காவில் பேராசிரியராகி நல்ல பேரும் எடுத்தார். அவருக்கும் அப்பாவுக்கும் நடுவே கசப்பு நிறையவே இருந்தது. பிள்ளையின் பட்டமும் பதவியும் இதற்கு அளவுகோல் ஆகாது. தேவைப்பட்ட நேரத்தில் பெற்றவர் அங்கே இருந்தாரா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

எனக்குத் தெரிந்த அறுவைச் சிகிச்சை மருத்துவர் ஒருவர். அவர் கையால் பிழைத்தவர்கள் அவரைத் தெய்வம் என்பார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளியின் கட்டிலில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, பயம் போகும் வரை பேசுவாராம். அவருடைய மகன் ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னான்: "எனக்குக் காய்ச்சல்னா அப்பா வாசல்ல நின்னே ரெண்டு மாத்திரை பேரைச் சொல்லிட்டுப் போயிடுவார் அண்ணா. அவரோட பேஷன்ட்டா இருந்திருந்தா எனக்கும் கையைப் பிடிச்சிருப்பார்." அவன் கோபமாகச் சொல்லவில்லை. வானிலை பற்றிப் பேசுவது மாதிரி சொன்னான். அதனால்தானோ என்னவோ, என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இந்த மாதிரி ஆட்களைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் சொல்லும் காரணம் நேரமின்மை. நான் இதை முழுசாக நம்பவில்லை. டார்வின் வீட்டில் பத்துக் குழந்தைகள் பிறந்தார்கள். அவர் வேலை செய்ததும் அதே வீட்டில்தான். படிப்பறைக்குள் பிள்ளைகள் கத்தரிக்கோல், பிளாஸ்திரி, நூல் என்று எதையாவது கேட்டு வந்துகொண்டே இருப்பார்கள். உயிரினங்களின் தோற்றம் பற்றி அவர் எழுதிய கையெழுத்துப் பிரதியில் இன்று சில தாள்கள்தான் மிஞ்சியிருக்கின்றன. அவற்றிலும் சில, பின்பக்கத்தில் பிள்ளைகள் படம் வரைந்ததால் பிழைத்தவை! நான்கு வயது மகன் ஒருவன், வேலை நேரத்தில் விளையாட வந்தால் ஆறு பென்ஸ் தருகிறேன் என்று அப்பாவுக்கு லஞ்சம் பேசியிருக்கிறான். டார்வினுக்கும் வேலை இருந்தது, அதுவும் உலகத்தையே புரட்டிய வேலை. ஆனாலும் பேரம் பேசிப் பார்க்கலாம், அப்பா மடங்குவார் என்று அந்தப் பொடியனுக்கு நம்பிக்கை இருந்திருக்கிறது பாருங்கள்.

மேரி கியூரியும் அப்படித்தான். 1906-ல் கணவர் இறந்தபோது மூத்தவள் ஐரீனுக்கு ஒன்பது வயதுகூட நிரம்பவில்லை, இளையவள் ஈவ் கைக்குழந்தை. ஆராய்ச்சியும் வகுப்பும் கழுத்தை நெரித்தன. மாமனார்தான் குழந்தைகளைப் பெரும்பாலும் பார்த்துக்கொண்டார். ஆனாலும் வழக்கமான பள்ளிக்கூடம் பிடிக்காமல், நண்பர்களான பேராசிரியர்களைச் சேர்த்துக்கொண்டு பிள்ளைகளுக்குத் தாங்களே முறைவைத்துப் பாடம் நடத்தினார். பௌதிகம் இவர் பங்கு. ஈவுக்கு விஞ்ஞானத்தில் ஆசையில்லை, பியானோவில்தான் ஆசை. போ என்று விட்டுவிட்டார். அன்பைக் கொட்டிக் காட்டும் தாய் என்று அவரை யாரும் சொல்லவில்லை. ஆனால் எந்த மகளுக்கு எது பிடிக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அப்படியானால் கோளாறு எங்கே? வெளியில் ஜெயிக்க வைக்கும் குணங்கள் வீட்டுக்குள்ளும் அப்படியே நுழைந்துவிடுவதில்தான் என்று நினைக்கிறேன். பெரிய நிறுவனம் நடத்துகிறவருக்குக் காரணம் பிடிக்காது, முடிவு வேண்டும். பத்து நிமிடத்தில் விஷயத்துக்கு வர வேண்டும். சரிப்பட்டு வராதவரை மாற்றிவிடலாம். இதெல்லாம் ஆபீசில் திறமை. ஒரு பன்னிரண்டு வயதுப் பெண், பள்ளியில் தோழியோடு வந்த சண்டையைச் சொல்ல ஆரம்பித்தால் பத்து நிமிடத்தில் விஷயத்துக்கு வர மாட்டாள். சுற்றி வளைத்து, நடுவில் வேறு கதை சொல்லி, கடைசியில் அழுவாள். "சரி, இப்போ நான் என்ன செய்யணும்?" என்று அப்பா கேட்ட மாத்திரத்தில் அந்தப் பேச்சு செத்துவிடும். அவர் ஒன்றும் செய்ய வேண்டியதே இல்லை, கேட்டுக்கொண்டிருந்தால் போதும். சும்மா கேட்டுக்கொண்டிருப்பது, பாவம், அவருக்கு வரவே வராது.

இதைவிடக் கெட்டது இன்னொன்று. மேலே போகப் போக, "நீங்கள் செய்வது தப்பு" என்று சொல்லும் ஆட்கள் குறைந்துகொண்டே வருவார்கள். கீழே வேலை செய்பவர்கள் சொல்ல மாட்டார்கள். நண்பர்களும் ஒதுங்கிவிடுவார்கள். மிச்சம் இருப்பது பிள்ளைதான். பதின்ம வயதில் அது எதிர்த்து நிற்கும்போது, வெளியில் யாருமே இப்படிப் பேசாதபோது இது பேசுகிறதே என்று அவருக்குப் பொறுக்காது. ஊழியராக இருந்தால் ராஜினாமா செய்துவிட்டுப் போகலாம். பிள்ளைக்கு அந்த வசதியும் கிடையாது.

(ரூசோவை எந்த வகையில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பிள்ளை வளர்ப்பு பற்றி 1762-ல் புத்தகம் போட்டு ஐரோப்பாவுக்கே பாடம் சொன்னவர். தனக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளையும் பாரிஸ் அனாதை இல்லத்தில் விட்டதாக அவரே எழுதிவைத்திருக்கிறார். அவரை விட்டுவிடுவோம்.)

பிள்ளையின் பக்கத்திலிருந்து பார்த்தால் பெரிய கஷ்டம், மனக்குறையைச் சொல்லிக்கொள்ள ஆள் கிடைக்காததுதான். குடிகாரத் தகப்பனின் பிள்ளை அழுதால் ஊர் இரக்கப்படும். ஊரே கும்பிடும் தகப்பனின் பிள்ளை அழுதால், "அவரைப் போய் இப்படிச் சொல்கிறாயே, நன்றி இல்லையா?" என்பார்கள். கூடவே, புலிக்குப் பிறந்தது பூனையாகுமா என்று ஒரு கேள்வி. அது நல்லதைச் செய்தால் புலியின் ரத்தம், தடுக்கி விழுந்தால் பூனை. எப்படிப் பார்த்தாலும் அதற்கென்று சொந்தமாக ஒரு பெயர் மிஞ்சாது. ஸ்டீவ் ஜாப்ஸின் முதல் மகள் லிசா 1978-ல் பிறந்தாள். என் குழந்தையே இல்லை என்று பல காலம் சாதித்தார் மனிதர். 1983-ல் அவருடைய நிறுவனம் ஒரு கம்ப்யூட்டருக்கு அதே பெயரை வைத்து விற்றது. மகளின் பெயரைத்தான் வைத்தேன் என்று பல வருடம் கழித்துத்தான் ஒத்துக்கொண்டார். தன் வாழ்க்கை வரலாற்றை எழுத ஏன் சம்மதித்தார் என்பதற்கு அவர் சொன்ன காரணமும் இந்த வகைதான்: பிள்ளைகளோடு எப்போதும் இருக்க முடியவில்லை, அவர்கள் தன்னைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். அப்பாவைத் தெரிந்துகொள்ளப் பிள்ளைகள் புத்தகம் வாங்க வேண்டிய நிலை.

அப்படியானால் பெரிய காரியங்களைச் செய்பவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்திருக்க வேண்டுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மண்டேலா சிறையில் 27 ஆண்டுகள் இருந்தார். 1969-ல் மூத்த மகன் விபத்தில் இறந்தபோது இறுதிச் சடங்குக்குக்கூட விடவில்லை. அவரைப் போய் யார் என்ன கேட்பது? ஆனால் அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். அப்பா ஒருநாள் திரும்பி வருவார் என்று இருந்தோம், வந்தவர் நாட்டுக்கே அப்பாவாகி மறுபடியும் எங்களை விட்டுவிட்டார் என்று தன் பிள்ளைகள் பட்ட வருத்தத்தை அவரே வெளியில் சொன்னார். கொடுத்த விலை யாருடையது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "என் குடும்பம் எனக்காகத் தியாகம் செய்தது" என்று மேடையில் பெருமையாகச் சொல்பவர்களிடம் எனக்கு வரும் எரிச்சல் இதனால்தான். ஐந்து வயதுக் குழந்தை எங்கே தியாகம் செய்தது? அதைக் கேட்டார்களா என்ன?

இதில் ஒரு ஓரவஞ்சனையும் இருக்கிறது. சாதித்த பெண்ணைப் பேட்டி காணும்போது, "வீட்டையும் குழந்தைகளையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" என்ற கேள்வி எப்படியும் வந்துவிடும். ஆணிடம் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைப் பெண்களிடம் கேட்கக் கூடாது என்று பலரும் சொல்கிறார்கள். ஆண்களிடமும் கேளுங்கள் என்பேன் நான். பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறது என்பதற்கே எத்தனை பேர் தடுமாறுவார்கள் என்று பார்க்க எனக்கு ஆசை.

கடைசியாக ஒன்று. இப்படிப்பட்ட அப்பாக்கள் ஓய்வுபெற்ற பிறகு பிரமாதமான தாத்தாவாகிவிடுகிறார்கள். பேத்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிவார்கள், அதன் கிறுக்கலை ஃப்ரேம் போட்டு மாட்டுவார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். பக்கத்தில் நிற்கும் மகனுக்கோ மகளுக்கோ சந்தோஷமும் வலியும் ஒன்றாக வரும். சிலர் அதைப் பார்த்து மனம் இளகிவிடுகிறார்கள். சிலருக்குப் பழசெல்லாம் கிளறி விடுகிறது, இன்னும் தள்ளிப்போய்விடுகிறார்கள். இரண்டுமே எனக்குப் புரிகிறது. "எவ்வளவு பெரிய மனுஷன், வயசான காலத்துல விட்டுக்கொடுத்துப் போகக் கூடாதா?" என்று அவர்களிடம் போய்ப் பஞ்சாயத்து பேசும் உறவினர்களைத்தான் எனக்குப் புரியவில்லை. அந்தப் பிள்ளைக்கு ஏழு வயதாக இருந்தபோது இவர்களில் ஒருவராவது அப்பாவிடம் போய் இதே மாதிரி பேசியிருப்பார்களா?