கையில் வைத்துக்கொண்டு கேட்கும் மன்னிப்பு

புதுநன்மைக்கு, அதாவது முதன்முறை நற்கருணை வாங்குவதற்கு, எங்களைத் தயாரித்த உபதேசியார், திருடிய பொருளைக் கையில் வைத்துக்கொண்டு செய்கிற பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது) செல்லாது என்று சொல்லிக்கொடுத்தார். திருடியது மாம்பழமாக இருந்து அதைத் தின்றும் தீர்த்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பையன் கேட்டான். பழத்தின் விலையைக் கொண்டுபோய்க் கொடு, ஆள் உயிரோடு இல்லையென்றால் அவர் பிள்ளைகளிடம் கொடு என்று பதில் வந்தது. கத்தோலிக்கருக்கும் ஆர்த்தடாக்ஸ் சபையாருக்கும் இடையே நடக்கும் மன்னிப்புப் பேச்சுகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மாம்பழம்தான் நினைவுக்கு வருகிறது.

இரு சபைகளும் பிரிந்தது 1054-இல் என்பது வழக்கமான பாடம். அந்த ஆண்டு ஜூலை 16 அன்று ரோமின் தூதர் கர்தினால் ஹம்பர்ட், கான்ஸ்டான்டிநோபிளின் (இன்றைய இஸ்தான்புல்) ஹாகியா சோபியா பேராலயப் பீடத்தின்மேல் சபைவிலக்க ஆணையை வைத்துவிட்டு வெளியேறினார். அவரை அனுப்பிய திருத்தந்தை (போப்) ஒன்பதாம் லியோ அதற்குச் சில மாதங்கள் முன்பே இறந்துபோயிருந்தார் என்பது தனி வேடிக்கை. ஆனால் அது மேலிடத்து மனத்தாங்கல். கிரேக்கக் குடும்பங்களின் நெஞ்சில் ஆறாத புண்ணாகத் தங்கியது 1204 ஏப்ரல் என்பதே என் எண்ணம்.

எருசலேமை மீட்க நான்காம் சிலுவைப்போருக்குக் கிளம்பிய மேற்கத்தியக் கிறிஸ்தவர்கள், 33,500 பேரை ஏற்றிச் செல்லக் கப்பல் வேண்டும் என்று வெனிஸோடு 85,000 வெள்ளி மார்க்குக்கு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். வந்து சேர்ந்தவர்களோ அதில் பாதிகூட இல்லை. கடனுக்கு ஈடாக முதலில் ஸாரா என்ற கிறிஸ்தவ நகரத்தை வெனிஸுக்குப் பிடித்துக் கொடுத்தார்கள். பிறகு, தன் தந்தைக்கு அரியணையை மீட்டுத் தந்தால் 2,00,000 மார்க் தருவதாகச் சொன்ன பைசாந்திய இளவரசன் ஒருவனை நம்பிக் கான்ஸ்டான்டிநோபிள் போனார்கள். அந்தப் பணம் முழுதாக வராமல் போகவே, நகரத்தையே உடைத்து மூன்று நாள் சூறையாடினார்கள். அதைக் கண்ணால் பார்த்த நிகேத்தாஸ் கோனியாத்தேஸ் எழுதிவைத்திருப்பதை ஒரு கத்தோலிக்கன் நிமிர்ந்து உட்கார்ந்து படிக்க முடியாது. கொள்ளைப் பொருள்களைச் சுமக்கக் கோவேறு கழுதைகளைக் கோயிலுக்குள்ளேயே ஓட்டிவந்தார்கள். வழுவழுப்பான தரையில் கால் வழுக்கி விழுந்தவற்றை அங்கேயே குத்தினார்கள். அந்தச் சபையின் தலைவரான முதுபெரும் தந்தையின் இருக்கையில் ஒரு விலைமகளை உட்காரவைத்துப் பாடவைத்தார்கள். நகரத்தின் பழைய வெண்கலச் சிலைகள் உருக்கப்பட்டுக் காசாயின. தின்று தீர்த்த பழம் என்றால் அதுதான்.

கிறிஸ்தவர்களைத் தாக்கக் கூடாது என்று முன்கூட்டியே தடுத்தவர்தான் திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட். இலத்தீன்காரர்களை, அதாவது மேற்கத்தியக் கத்தோலிக்கரை, கிரேக்கர்கள் நாயைவிடக் கேடாக வெறுப்பதில் நியாயம் இருக்கிறது என்று பின்னாளில் கோபமாகக் கடிதமும் எழுதினார். ஆனாலும் அந்த நகரத்தில் இலத்தீன் முதுபெரும் தந்தை ஒருவர் அமர்த்தப்பட்டதை அவர் ஏற்றுக்கொள்ளவே செய்தார். செய்தவனைத் திட்டிவிட்டு, செய்ததன் பலனை வைத்துக்கொள்ளும் இந்தப் பழக்கம் கொள்ளையைவிட நீண்ட காலம் வலிக்கக்கூடியது.

இதைச் சொன்னவுடன் நம்மவர்கள் 1182-ஐ எடுத்து நீட்டுவார்கள். அந்த ஆண்டு அதே நகரத்தில் இலத்தீன் மக்கள் ஆயிரக்கணக்கில் படுகொலை செய்யப்பட்டது உண்மை. அதற்கும் மன்னிப்புக் கேட்கப்பட வேண்டும். ஆனால் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போய்ப் பக்கத்து வீட்டுக்காரன் பாவத்தைச் சொல்லிக்கொண்டிருக்க யாருக்கும் அனுமதி இல்லை.

நல்லவையும் நடந்தன. 1965 டிசம்பர் 7 அன்று திருத்தந்தை ஆறாம் பவுலும் முதுபெரும் தந்தை அத்தெனகோராசும் 1054-இன் சபைவிலக்கங்களைத் திருச்சபையின் நினைவிலிருந்தே அகற்றுவதாக அறிவித்தார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது பத்து ஆண்டுகள் கழித்து, 1975 டிசம்பர் 14 அன்று, வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் நடந்தது: யாரும் எதிர்பாராத நேரத்தில் பவுல், மெலித்தோன் என்ற ஆர்த்தடாக்ஸ் பேராயர் முன் மண்டியிட்டு அவருடைய பாதங்களை முத்தமிட்டார். 1438-இல், இரு சபைகளையும் இணைக்கக் கூடிய ஃபெராரா சங்கத்துக்கு வந்த முதுபெரும் தந்தை யோசேப்பு, திருத்தந்தையின் பாதத்தை முத்தமிட மாட்டேன் என்று மறுத்தவர் என்பது தெரிந்தால்தான் அந்தக் காட்சியின் கனம் புரியும்.

பிறகு 2001 மே 4. பிளவுக்குப் பின் கிரேக்க மண்ணில் கால்வைத்த முதல் திருத்தந்தையாக இரண்டாம் யோவான் பவுல் ஏதென்ஸ் போனபோது, பேராயர் கிறிஸ்டோடூலோஸ் உபசார வார்த்தையோடு நிறுத்திக்கொள்ளாமல் பழைய குறைகளை முகத்துக்கு நேராக அடுக்கினார். அதை அவமரியாதை என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அது உதவி என்றே படுகிறது. பொத்தாம்பொதுவாக 'தவறுகள் நடந்திருக்கலாம்' என்று கடந்துபோக முடியாமல், கான்ஸ்டான்டிநோபிளின் சூறையாடலைப் பெயர் சொல்லித் திருத்தந்தை வருந்தினார், இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். குறை சொன்ன பேராயரே கைதட்டினார். 2004 நவம்பரில், பழங்காலத்தில் கான்ஸ்டான்டிநோபிளின் பேராயர்களாக இருந்த புனித கிரகோரி நசியான்சன், புனித யோவான் கிறிசோஸ்தோம் ஆகியோரின் திருப்பண்டங்கள் ரோமிலிருந்து முதுபெரும் தந்தை பர்த்தலமேயுவிடம் ஒப்படைக்கப்பட்டன. கிரகோரியின் எலும்புகள் 1204-க்கு வெகுகாலம் முன்பு துறவியர் ரோமுக்குக் கொண்டுவந்தவை என்பது மரபு. களவு போகாததும் திரும்பக் கிடைத்தது என்றால், அது கணக்குப் பார்க்காமல் கொடுத்த கை.

எல்லாரும் அப்படியே ஆறிப்போய்விடவில்லை. 2021-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அதே ஏதென்ஸில் மறுபடி மன்னிப்புக் கேட்கப் போனபோது, வயதான ஆர்த்தடாக்ஸ் குரு ஒருவர் அவரைப் பதிதர் (தவறான கொள்கைக்காரர்) என்று கத்தினார். அந்தக் கிழவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

ஏனென்றால் வெனிஸ் பாக்கி இருக்கிறது. கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து கொள்ளையாக வந்த, அங்குள்ள புனித மாற்கு பேராலயத்தின் நான்கு குதிரைச் சிலைகளை யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்ற கேள்வி நியாயமானது. அவை கோயிலுக்குச் சொந்தமாக இருந்தவை அல்ல, பந்தயத் திடலில் நின்றவை, அந்தத் திடல் இன்று இஸ்தான்புல்லின் பொதுச் சதுக்கம். ஆனால் அதே பேராலயத்தின் கருவூலத்தில் 1204-ஐ ஒட்டி வந்து சேர்ந்த பைசாந்தியத் திருக்கிண்ணங்கள் இருக்கின்றன, அவற்றுக்கு வாரிசு இல்லை என்று சொல்ல முடியாது. உபதேசியார் சொன்ன 'பிள்ளைகள்' முதுபெரும் தந்தையின் இருப்பிடமான இஸ்தான்புல்லின் ஃபனாரில், சின்னக் கூட்டமாகச் சுருங்கிப்போனாலும், இன்றும் வழிபாடு நடத்திக்கொண்டிருக்கிறார்கள். 'இதிலிருந்து அனைவரும் பருகுங்கள்' என்று விளிம்பில் கிரேக்கத்தில் பொறித்த கிண்ணமும் அந்தக் கருவூலத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. பார்ப்பதற்கு நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும்.