மட்டக்குதிரையைத் தோப்புக்குக் கூட்டி வரும் முன்

சவாரிக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் உழைத்து ஓய்ந்த மட்டக்குதிரைகளைப் பார்த்து மனசு கேட்காமல், "நம்ம தோப்புல ஒரு ஓரமா கட்டிக்கிட்டா என்ன?" என்று என்னிடம் கேட்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். நல்ல மனசுதான், குறை சொல்லவே மாட்டேன். ஆனால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: குளம்பு செதுக்க யார் வருவார்? பணம், இடம் எல்லாம் அப்புறம்.

குதிரைக் குளம்பு நம் நகம் மாதிரி வளர்ந்துகொண்டே இருக்கும். லாடம் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை செதுக்கியே ஆக வேண்டும். விட்டுவிட்டால் நுனி நீண்டு, பாரம் பின்பக்கம் சாய்ந்து, காலின் தசைநார் கெட்டுப்போகும். கடலூர்ப் பக்கம் வண்டி மாட்டுக்கு லாடம் அடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்களே என்று நினைக்காதீர்கள். மாட்டைச் சாய்த்துக் காலைக் கட்டி அடிப்பார்கள். குதிரையை நிற்க வைத்து, ஒவ்வொரு காலாகத் தூக்கிப் பிடித்துச் செய்ய வேண்டும். மாட்டுக்குப் பிளந்த குளம்பு, குதிரைக்கு ஒற்றைக் குளம்பு. கை பழகிய ஆள் வேறு. அந்த ஆள் கிடைக்கும் வரை குதிரையைக் கூட்டி வராதீர்கள்.

அடுத்தது மணல். கடலூர் தேவனாம்பட்டினமோ புதுச்சேரியின் மீனவ ஊர்களோ, கடலோரத் தோப்பு என்றாலே மணல்தான். தரையில் புல்லைப் போட்டால் புல்லோடு மணலும் உள்ளே போய்க் குடலில் தங்கும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்று வலி வந்தால் புரண்டு புரண்டு துடிக்கும், உயிரே போய்விடும். மணல் சேர்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். தரையில் படாத லத்தியை (குதிரைச் சாணத்தை) மேலாக ஒரு பிடி எடுத்துக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். கால் மணி நேரம் கழித்து அடியில் மணல் படிந்திருந்தால் மருத்துவரிடம் ஓட வேண்டியதுதான். படியாவிட்டாலும் முழுசாக நம்பிவிடக் கூடாது. தீவனத்தை எப்போதும் தொட்டியில் வையுங்கள்.

"கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் மூடும்" என்பார்கள். அதற்காகக் கொள்ளை வாரி வாரிக் கொட்டக் கூடாது. மட்டக்குதிரை கொஞ்சத்திலேயே உடம்பு போடும். தானியம் மிஞ்சினால் குளம்புக்குள் வீக்கம் வந்து நிற்கவே முடியாமல் போகும். 200 கிலோ குதிரைக்கு நாளுக்குச் சுமார் 4 கிலோ உலர்ந்த புல் அடிப்படை. அருகம்புல் அருமையானது. வைக்கோல் மட்டும் போதாது. தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், தினமும் கொட்டினால் எலும்பு பலமிழக்கும். சில மாட்டு, கோழித் தீவனங்களில் சேர்க்கும் மோனென்சின் என்ற மருந்து குதிரைக்கு விஷம். மூட்டையை நம்பிக் கொட்டிவிடாதீர்கள்.

மருத்துவர் விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம், புதுச்சேரி குருமாம்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. குதிரை வரும் முன்பே போய்ப் பேசிவிடுங்கள். டெட்டனஸ் ஊசி கட்டாயம், ஒரு துருப்பிடித்த ஆணி போதும் குதிரைக்கு. கிளாண்டர்ஸ் பரிசோதனையும் செய்துவிடுங்கள். அது மனிதருக்கும் தொற்றும் நோய். உறுதியானால் குதிரையைக் கருணைக் கொலை செய்வதைத் தவிர வேறு வழி இல்லை.

மழைக்காலத்தை யாரும் யோசிப்பதே இல்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை மறக்க முடியுமா? 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது, அடுத்து சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது. அந்த இரவில் தென்னை மரத்தில் கட்டியிருக்கும் குதிரையை எங்கே கொண்டுபோவீர்கள்? மேடான ஓர் இடமும், கூரை பறக்காத ஒரு கொட்டகையும் வேண்டும். நாள்கணக்கில் சேற்றில் நின்றால் குளம்பின் அடிப்பகுதி கறுத்து அழுகி நாறும்.

பிள்ளைக்காக என்று கேட்கிறவர்களுக்கு: மட்டக்குதிரை குதிரைக்குட்டி அல்ல, வளர்ந்தே அவ்வளவுதான். 25, 30 வருஷம் வாழும். எட்டு வயதுப் பிள்ளை பத்து வருஷத்தில் சென்னைக்குப் படிக்கப் போய்விடும், குதிரை உங்களோடுதான் இருக்கும். சுமையும் அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடாது. அப்புறம், குதிரை கூட்டமாக வாழும் பிராணி. தனியாகக் கட்டிப் போட்டால் ஏங்கிப்போகும். இன்னொரு குதிரையோ கழுதையோ துணைக்கு வேண்டும். செலவு இரட்டிப்பு என்று இப்போதே கணக்கில் வையுங்கள்.

சரி, இதெல்லாம் நம்மால் முடியாது என்றால்? அந்தக் குதிரை இப்போது இருக்கும் இடத்திலேயே உதவலாம். பல உரிமையாளர்களுக்குக் குதிரை மேல் பாசம் இருக்கிறது, கையில் காசுதான் இல்லை. குளம்பு செதுக்கும் கூலி, வருஷ ஊசி, நிழலுக்கு ஒரு கீற்றுக் கொட்டகை, நாள் முழுக்க நிறைந்திருக்கும் ஒரு தண்ணீர்த் தொட்டி. இவற்றை நாலு பேர் சேர்ந்து ஏற்றுக்கொண்டால் குதிரை ஊர் மாற வேண்டியதே இல்லை. யாராவது செய்ய முன்வந்தால் சொல்லுங்கள், நானும் ஒரு பங்கு போடுகிறேன்.