ஜிஎன்எம் என்ற நர்சிங் டிப்ளமோ படித்தால் கதவு அடைபடுமா?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: “ஜிஎன்எம் முடித்தவர் மேலே படிக்க முடியாது, ஆராய்ச்சி டாக்டர்களுக்கு மட்டும்தான்.” இரண்டுமே தவறு.

ஜிஎன்எம் முடித்து நர்ஸாகப் பதிவு பெற்றவர் 2 ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் பட்டப்படிப்பில் சேரலாம். அப்புறம் எம்.எஸ்சி., பிஎச்.டி. வரை வழி இருக்கிறது. எம்.எஸ்சி.யில் ஆய்வேடு எழுதியே ஆக வேண்டும்.

ஆராய்ச்சி நர்ஸ்களுக்குப் புதிதும் அல்ல. மருத்துவமனையில் இருக்கும் முதியவர்களில் யாருக்குப் படுக்கைப்புண் வரும் என்று முன்கூட்டியே கணிக்கும் அளவுகோலை 1962இல் பிரிட்டனில் வெளியிட்ட குழுவுக்குத் தலைமை தாங்கிய டோரீன் நார்ட்டன் ஒரு நர்ஸ். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசைவு, மலசலக் கட்டுப்பாடு என ஐந்தையும் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். எவ்வளவு அருமையான வேலை!

பிள்ளைகளை இந்தச் செய்தியை நம்பித் தடுக்காதீர்கள். சேர்க்கும் கல்லூரிக்கு முறையான அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் விசாரியுங்கள்.