டியூப் போட்டால் வாயால் சாப்பிட முடியாதா?

"உணவுக்குழாய் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்து டியூப் போட்டுவிட்டால் அப்புறம் வாயால் சாப்பிடவே முடியாது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. 4 வருடம் முன்பு அதே ஆபரேஷன் செய்துகொண்டவன் நான். இன்று காலை இரண்டு இட்லி சாப்பிட்டேன்.

உணவுக்குழாயில் கட்டியுள்ள பகுதியை எடுத்துவிட்டு, இரைப்பையைக் குழாய் போலத் தைத்து மேலே இழுத்து இணைக்கிறார்கள். அந்த இணைப்பு ஆறும்வரை சத்து போக வேண்டுமே, அதற்குத்தான் சிறுகுடலில் டியூப். எனக்கு ஏழாவது வாரம் எடுத்துவிட்டார்கள். ஆபரேஷன் செய்ய முடியாத அளவு முற்றியவர்களுக்கு டியூப் கடைசிவரை இருக்கலாம். அதை எழுதியவர் பார்த்தது ஒருவேளை அப்படி ஒருவரையோ என்னவோ.

பழைய மாதிரி முழு இலைச் சாப்பாடு முடியாது, உண்மைதான். கொஞ்சம் கொஞ்சமாக ஆறேழு வேளை. இனிப்பு கூடினால் படபடப்பு, வியர்வை, வயிற்றுக் கலக்கம்; டம்பிங் என்பார்கள். ஒரு கல்யாணத்தில் ஆசைப்பட்டுப் பாயசம் குடித்துவிட்டு அரை மணி நேரம் தூணில் சாய்ந்து கிடந்தேன்! இரவில் தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்திப் படுக்க வேண்டும், இல்லாவிட்டால் பித்தநீர் தொண்டைக்கு வந்துவிடும்.

இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லித் தந்தவர் எனக்கு முன்பே இதே ஆபரேஷன் ஆன ஒரு அண்ணன். வார்டில் என் கட்டிலருகே உட்கார்ந்து, டீயில் பன்னை நனைத்துச் சாப்பிட்டுக் காட்டினார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தூக்கமே வந்தது.