பிராட்டன் லண்டன் காவல்துறைக்குத் தலைமை தாங்கியதில்லை

"நியூயார்க்கில் கொலைகளைத் தனியாளாகக் குறைத்த அமெரிக்கக் காவல் அதிகாரி வில்லியம் பிராட்டனை, 2011 கலவரத்துக்குப் பிறகு லண்டன் காவல்துறைத் தலைவராக்கினார்கள்" என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார். இரண்டுமே தவறு.

அன்றைய பிரதமர் கேமரன் அவரிடம் ஆலோசனை கேட்டார், அவ்வளவுதான். பதவிக்கு அவர் பெயர் அடிபட்டது உண்மை. பிரிட்டன் குடிமக்களுக்கு மட்டுமே அந்தப் பதவி என்று சொல்லி உள்துறை கதவைச் சாத்திவிட்டது. நியமிக்கப்பட்டவர் பெர்னார்ட் ஹோகன்-ஹோவ்.

நியூயார்க் கதைக்கு வருவோம். 1990இல் அங்கே 2,245 கொலைகள். 1993இல் 1,946. பிராட்டன் ஆணையரானதோ 1994 ஜனவரியில்! முந்தைய மேயர் டிங்கின்ஸ் காலத்திலேயே கூடுதல் காவலர்களை எடுக்கும் திட்டம் தொடங்கியிருந்தது. பாவம், அவருக்கு யாரும் மாலை போடுவதில்லை. பிராட்டன் வந்தபிறகு சரிவு வேகமெடுத்தது என்பதையும், அதில் அவருக்குப் பங்கு உண்டு என்பதையும் நான் மறுக்கவில்லை. அவர் காலத்தில் வந்த காம்ப்ஸ்டாட் எனும் குற்றப் புள்ளிவிவர ஆய்வுக் கூட்டங்களில் சரக அதிகாரிகளை நிற்கவைத்து, வரைபடத்தைக் காட்டி, இந்த முனையில் இத்தனை வழிப்பறி, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று துளைத்தெடுப்பார்கள். அந்த முறைக்கு வித்திட்டவர் ஜாக் மேப்பிள். சுரங்க ரயில் காவலராக இருந்தபோதே சுவரில் வரைபடம் ஒட்டி, வண்ணக் கிரேயானால் கொள்ளைகளைக் குறித்தவர்.

சீர்திருத்தவாதி என்று புகழ வேண்டுமானால் அவர் காவல்துறைத் தலைவராக இருந்த லாஸ் ஏஞ்சலஸைச் சொல்லுங்கள் (2002–2009). ஆனால் அங்கேயும் மத்திய அரசுடனான சீர்திருத்த ஒப்பந்தம் 2001லேயே நீதிமன்ற மேற்பார்வையில் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதை எதிர்த்து மல்லுக்கட்டாமல் நிறைவேற்றினார் என்பதுதான் அவருக்குச் சேர வேண்டிய பெருமை.